சலவை அறைச் சீட்டு

இரவெல்லாம் கடிதம் பிரிக்கும் வேலை எனக்கு.
யேவ்லே நகரின் எந்தத் தெருவும்
என் கைக்குத் தெரியும், கண் வேண்டாம்.
விடிந்து வீடு திரும்பினால்
என் காலுறைகள்தாம்
முகவரி தெரியாமல் திசைக்கொன்றாய்க் கிடக்கும்.

எங்கள் கட்டடத்தில் முப்பத்தாறு வீடு,
நிலவறையில் ஒரே சலவை அறை.
பலகையில் அவரவர் பூட்டை நகர்த்தி
நேரம் பிடிக்க வேண்டும்.
செவ்வாய் ஏழு முதல் பத்து, நான்.
பத்து முதல் ஒன்று, யாரோ இங்வே.
முகம் பார்த்ததில்லை.
சீட்டுகள் பார்த்திருக்கிறேன்.

"உலர்த்தியின் வலையில் இருக்கும் பஞ்சு
உங்களுடையது. எனக்கு வேண்டாம்!"
"ஒரு காலுறையை மறந்துவிட்டீர்கள்.
இது எத்தனையாவது!"
கோடு போட்டதுபோல் எழுத்து.
ஆச்சரியக்குறி மட்டும்
ஆணி அடித்ததுபோல்.

பிப்ரவரி. தெருவெல்லாம் பனி, பனியெல்லாம் உப்பு.
தூக்கக் கலக்கத்தில்
கம்பளிச் சட்டையை அறுபது டிகிரியில் போட்டுவிட்டேன்.
வெளியே வந்தது
ஐந்து வயதுப் பிள்ளையின் சட்டை,
அட்டைபோல் விறைத்து.
கழுத்தைச் சுற்றிய பூவேலை மட்டும்
ஒன்றுமே நடக்காததுபோல் சிரித்தது.
நான் அழவில்லை.
சரி, கொஞ்சம் அழுதேன்.
மடிக்கும் மேசையில் அதைப் போட்டுவிட்டு
படுக்கப் போனேன்.

மாலையில் இறங்கினால்
சட்டையின்மேல் ஒரு சீட்டு.
வசவு என்றுதான் பிரித்தேன்.

"வெதுவெதுப்பாக ஒரு வாளித் தண்ணீர்.
தலைமுடிக்குப் போடும் கண்டிஷனர் இரண்டு கரண்டி.
அரை மணி ஊறட்டும். முறுக்கிப் பிழியாதீர்கள்.
துண்டில் வைத்துச் சுருட்டி மேலே ஏறி நில்லுங்கள்.
பிறகு கையால் இழுங்கள்,
கோபம் இல்லாத நேரத்தில்."

கடைசி வரியை இன்னொரு முறை படித்தேன்.

குளியலறைத் தரையில்
சுருட்டிய துண்டின்மேல் நின்றேன்,
நடுக்கடலில் தெப்பம் ஏறியவள்போல.
இழுத்தேன். விட்டேன். மறுபடி இழுத்தேன்.
கை மணிக்கட்டைத் தொட்டது.
உடல் தொப்புளோடு நின்றுவிட்டது.

சீட்டின் முதுகில் பென்சிலில் இன்னும் ஏதோ.
பூட்ஸில் வெள்ளைக் கோடு விழுந்தால்
வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு.
சிக்கும் ஜிப்புக்கு மெழுகுவர்த்தித் துண்டு.
கம்பளியைத் துவைத்துக்கொண்டே இருக்காதீர்கள்,
உறைபனி இரவில் பால்கனியில் தொங்கவிடுங்கள்,
அந்துப் புழுவுக்கு அந்தக் குளிர் ஆகாது.
கீழே மிகச் சிறிதாக:
"இதெல்லாம் கெடுத்துத்தான் கற்றேன்.
முதல் பலி ஒரு மஞ்சள் கோட்டு."

ஜிப்பு சரியானது.
பால்கனியில் தொங்கவிட்ட சட்டை
விறைத்துப்போய் இரவு முழுக்க
எதிர்வீட்டுக்காரரைப் பயமுறுத்தியிருக்கிறது.
நனைந்த பூட்ஸுக்குள் செய்தித்தாள் அடைக்கலாமாம்,
என்னிடம் செய்தித்தாள் ஏது?
என் பெட்டியில் விழுந்த விளம்பரத்தை அடைத்தேன்.
வெளியே மைனஸ் பதினைந்து.
பூட்ஸின் வயிற்றில்
தோட்ட நாற்காலிகளுக்குப் பாதி விலை.
வினிகர் நாற்றம் போக ஜன்னல் திறந்தால்
துறைமுகப் பக்கமிருந்து
காப்பி வறுக்கும் வாசனை வந்து கலந்தது.
இரண்டும் சேர்ந்து நன்றாகவே இல்லை.

அடுத்த செவ்வாய்
வலையின் பஞ்சை முழுதாய் உரித்தெடுத்தேன்.
சாம்பல் நிறம், பூனைக்குட்டிபோல் கதகதப்பு.
அதில் என் சட்டையின் சிவப்பும் கொஞ்சம்.
வலை சுத்தம் என்று எழுதி வைக்கலாமா?
வேண்டாம், பார்த்தால் தெரியப் போகிறது.

வியாழன் இரவு வேலைக்குக் கிளம்பும்போது
சும்மா எட்டிப் பார்த்தேன்.
உலர்த்தியின் அடியில் ஒற்றைக் காலுறை.
என்னுடையது இல்லை.
பெரிய கால், சாம்பல் நூல்,
குதிகாலில் பச்சை நூலால் தைத்த ஒட்டு.
தையல் கோணல்.
அவ்வளவு நேரான எழுத்துக்காரருக்கு
இவ்வளவு கோணலான ஊசி.

ஊக்கு ஒன்றால் அதைப் பலகையில் குத்தினேன்.
பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்:
"ஒரு காலுறையை மறந்துவிட்டீர்கள்!"
கீழே ரக்னா என்று பெயர் போட்டேன்,
இதுவரை வீட்டு எண்ணே போதுமாக இருந்தது.

பேருந்துக்கு நான்கு நிமிடம்.
படி ஏறியவள் திரும்பி இறங்கினேன்.
ஆச்சரியக்குறியின் கோட்டை மட்டும்
ரப்பரால் அழித்துவிட்டு
புள்ளியை விட்டுவைத்தேன்.